குப்பியில் இருப்பது வேறு, பிளேட்டில் ஒட்டுவது வேறு

கேள்வி இதுதான். முனைவர் பட்டத்துக்கு இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவி, எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களை வைத்து ஒட்டுதல் சோதனை செய்கிறார். கைடு சொன்னபடி ரீகாம்பினன்ட் (வேறொரு செல்லில் செய்வித்த) மனித இ-கேட்ஹெரின், அதாவது செல்லைச் செல்லோடு ஒட்டும் புரதம், ஒரு குப்பி வாங்கி, பிளேட்டில் கோட் செய்து, செல்லைப் போட்டுக் கழுவிப் பார்த்தால், புரதம் பூசிய வெல்லுக்கும் (பிளேட்டின் சின்னக் குழி) வெறும் பிஎஸ்ஏ (செல்லை ஒட்ட வைக்காத மாட்டு ரத்தப் புரதம்) பூசிய வெல்லுக்கும் வித்தியாசமே இல்லை. சரி, வேறு கம்பெனியில் வாங்கலாம் என்று கேட்டலாகைத் திறந்தால் ஒரே பெயரில் ஐந்தாறு வகை: ஈ. கோலையில் செய்தது, ஹெக் செல்லில் செய்தது, எஃப்சி டேக் (புரதத்தின் நுனியில் கூடுதலாகச் சேர்க்கும் துண்டு) வைத்தது, ஹிஸ் டேக் வைத்தது, விலையோ ஒன்றுக்கொன்று பல மடங்கு. எதை வாங்குவது, அடுத்ததாக வாங்க வேண்டிய ஃபைப்ரோநெக்டினும் ரீகாம்பினன்ட்டாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால், இ-கேட்ஹெரினைப் பாலூட்டி செல்லில் செய்து எஃப்சி டேக் வைத்ததாக வாங்குங்கள். ஃபைப்ரோநெக்டின் உங்கள் வேலைக்கு ரத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்ததே போதும், ரீகாம்பினன்ட் தேவையில்லை. ஆனால் எனக்குக் குப்பியின் மேல் அவ்வளவு சந்தேகம் இல்லை. நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்குள் எழுந்தது வேறு இரண்டு கேள்விகள்: எந்த பஃபரில் கழுவினீர்கள், செல்லைத் தட்டிலிருந்து எதைப் போட்டு எடுத்தீர்கள்? இரண்டையும் நீங்கள் சொல்லவில்லை. அனேகமாகக் கோளாறு அங்கேதான் இருக்கும். புதுக் குப்பிக்கு இண்டென்ட் போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு சின்ன அடிப்படை. ஒட்டும் புரதம் என்று ஒரே மூச்சில் சொன்னாலும் இவை இரண்டு கூட்டம். ஒன்று, செல் நிற்கிற தரை: ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின், லாமினின், கொலாஜன். இவற்றைச் செல் பெரும்பாலும் இன்டெக்ரின் என்ற கையால் பிடிக்கிறது. மனிதனில் 18 ஆல்ஃபா சங்கிலி, 8 பீட்டா சங்கிலி, இரண்டும் ஜோடி சேர்ந்து 24 விதமான இன்டெக்ரின். இரண்டாவது கூட்டம், பக்கத்து செல்லைப் பிடிக்கிற கைகளே: கேட்ஹெரின், ஐகேம், விகேம், செலக்டின் வகையறா. (ஐகேம்-1 தான் ஜலதோஷம் தரும் ரைனோ வைரஸ்களில் பெரும்பாலானவை செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி என்று 1989-இல் தெரியவந்தது. வெள்ளையணு பிடிப்பதற்காக இருக்கும் கம்பியை வைரஸ் வந்து பிடித்துக்கொள்கிறது.) இன்டெக்ரின் ஆராய்ச்சிக்காக ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ரூஸ்லாட்டி, டிமதி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஆகவே எந்தப் புரதம் வாங்கலாம் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, என் செல்லுக்கு அதைப் பிடிக்கும் கை இருக்கிறதா என்பது. எம்சிஎஃப்-7-க்கு இ-கேட்ஹெரின் நிறைய உண்டு, கேட்ஹெரின் தன் இனத்தையே பிடிக்கும் புரதம், ஆக உங்கள் தேர்வு சரிதான். கூடவே எம்டிஏ-எம்பி-231 செல்லையும் ஒரு வரிசையில் போடுங்கள். அதில் இ-கேட்ஹெரின் ஜீன் அடைக்கப்பட்டுக் கிடக்கிறது, புரதம் வருவதில்லை. உங்கள் வெல்லில் எம்சிஎஃப்-7 ஒட்டி, 231 ஒட்டாமல் கழுவிப் போனால் பிடித்தது கேட்ஹெரின் என்று நம்பலாம். இரண்டும் ஒட்டினால் ஒட்ட வைப்பது வேறு ஏதோ.

இப்போது பஃபர் விஷயம். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, கேட்ஹெரின் கண்டுபிடிக்கப்பட்டதே அதனால்தான். ஜப்பானைச் சேர்ந்த மசதோஷி தகேய்ச்சி 1970-களின் நடுவில் கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள கார்னகி ஆய்வுக்கூடத்துக்குப் போனார். கியோட்டோவில் டிரிப்சின் போட்டுப் பிரித்த வி79 வெள்ளெலி செல்கள் திரும்பச் சேர்ந்து கட்டியாகும். பால்டிமோரில் அதே செல், அதே சோதனை, கட்டியே ஆகவில்லை. மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்ததில் வித்தியாசம் டிரிப்சின் பாட்டிலில் இருந்தது. புது லேபில் டிரிப்சினோடு இடிடிஏ கலந்திருந்தார்கள், ஊரில் அது கிடையாது. இடிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் இருக்கும்வரை டிரிப்சினால் வெட்ட முடியாத ஒரு புரதம் செல்லின் மேல் இருக்கிறது, கால்சியம் போனதும் அது டிரிப்சினுக்கு இரையாகிறது, அதுவே செல்களைச் சேர்த்து வைக்கும் புரதம் என்று அவர் பிடித்துவிட்டார். 1977-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அந்தப் புரதத்துக்குப் பிறகு வைத்த பெயர்தான் கேட்ஹெரின். 1987-இல் அவருடைய குழு இ-கேட்ஹெரின் ஜீனை, கேட்ஹெரினே இல்லாத எல் செல்களுக்குள் போட்டது. தனித்தனியாகத் திரிந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

உங்கள் லேபில் இருக்கும் டிரிப்சின் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். கடையில் வாங்கும் டிரிப்சின் பெரும்பாலும் இடிடிஏ கலந்துதான் வருகிறது. அதைப் போட்டு ஐந்து நிமிடம் 37 டிகிரியில் வைத்து எடுத்த எம்சிஎஃப்-7 செல்லில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இ-கேட்ஹெரின் கணிசமாக வெட்டுப்பட்டிருக்கும். கையை வெட்டிவிட்டு, ஏன் கம்பியைப் பிடிக்கவில்லை என்று கேட்கிற மாதிரி. வழி இரண்டு உண்டு. ஒன்று தகேய்ச்சி முறை: 0.01 சதவீத டிரிப்சின், கூடவே 1 அல்லது 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, இடிடிஏ இல்லாமல். செல் தட்டை விட்டு எழும்பும், ஆனால் கேட்ஹெரின் பத்திரமாக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தகடு தகடாக வரும். டிரிப்சினை நன்றாகக் கழுவிவிட்டு, கால்சியம் இல்லாத பஃபரில் மெதுவாகப் பைப்பெட்டால் பிரிக்க வேண்டும். இன்னொன்று, டிரிப்சினே போடாமல் இடிடிஏ மட்டும் போட்டு எடுப்பது. வெட்டும் நொதி இல்லாததால் கேட்ஹெரின் தப்பிக்கும். பிறகு இடிடிஏவைக் கழுவிவிட்டுக் கால்சியம் உள்ள மீடியத்தில் செல்லைப் போடலாம். எம்சிஎஃப்-7 இடிடிஏவுக்கு மட்டும் மெதுவாகத்தான் எழும்பும், பொறுமை வேண்டும்.

கால்சியம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இ-கேட்ஹெரினின் வெளிப்பகுதி ஐந்து மணிகள் கோத்த மாதிரி ஐந்து டொமைன். மணிக்கும் மணிக்கும் நடுவில் மூன்று கால்சியம், நாலு இடுக்கு, ஆக மொத்தம் 12 கால்சியம். அது இருந்தால் முழுப் புரதமும் வளைந்த கம்பி மாதிரி விறைப்பாக நிற்கும், எடுத்துவிட்டால் நனைந்த நூல். உங்கள் குப்பியில் இருக்கும் புரதத்துக்கும் இதே கதிதான். லேபில் எல்லோரும் பத்து மடங்கிலிருந்து கலக்கி வைக்கும் சாதாரண பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த உப்பு பஃபர்) கால்சியம் கிடையாது. அதில் கரைத்து, அதில் கோட் செய்து, அதிலேயே கழுவினால் நனைந்த நூலைத்தான் பிளேட்டில் ஒட்டியிருப்பீர்கள். சரி, பிபிஎஸ்ஸில் கொஞ்சம் கால்சியம் குளோரைடு ஊற்றிவிடலாம் என்று நினைத்தால் பாஸ்பேட்டோடு சேர்ந்து சில சமயம் பால் மாதிரி திரிந்து நிற்கும். டிரிஸ் அல்லது ஹெப்பஸ் பஃபரில் 1 முதல் 2 மில்லிமோலார் கால்சியம் போட்டு வைத்துக்கொள்வது நிம்மதி. இல்லையென்றால் கால்சியம் மக்னீசியம் சேர்த்தே விற்கிற டிபிபிஎஸ் வாங்குங்கள், அதில் சுமார் 0.9 மில்லிமோலார் கால்சியம் இருக்கும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நானே இதில் விழுந்தவன். கோட்டிங் பஃபர் சரி, செல் எடுத்த விதம் சரி, ஒரு மணி நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல் அழகாகப் படிந்து பரவியிருக்கிறது. கழுவிவிட்டுப் பார்த்தால் வெல் காலி. கிட்டத்தட்ட மூன்று மாதம் புரதத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் கழுவுவதற்கு மட்டும் பெஞ்சில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த பிபிஎஸ் பாட்டிலை எடுத்திருக்கிறேன். இரண்டாவது கழுவலில் கால்சியம் போய்விடுகிறது, செல்லும் கையை விட்டுவிடுகிறது. அன்றிலிருந்து என் கழுவும் பாட்டிலில் சிவப்பு மார்க்கரில் 'கால்சியம்' என்று பெரிதாக எழுதி வைக்கிறேன்.

இனி குப்பிக்கு வருகிறேன். ரீகாம்பினன்ட் என்றால் மனித ஜீனை வேறொரு செல்லுக்குள் வைத்து அதைச் செய்ய வைப்பது, அவ்வளவுதான். எந்த செல்லில் செய்தது என்பதில்தான் விலை வித்தியாசமெல்லாம். ஈ. கோலை பாக்டீரியா மலிவு, வேகம். ஆனால் சர்க்கரைச் சங்கிலி மாட்டத் தெரியாது, டைசல்ஃபைடு பிணைப்புகளில் தடுமாறும். ஹெக் 293 மனிதக் கரு சிறுநீரக செல், 1973-இல் நெதர்லாந்தின் லைடனில் ஃபிராங்க் கிரஹாம் உருவாக்கியது, அவருடைய 293-ஆவது சோதனை என்பதால் அந்த எண். அதில் செய்தால் மடிப்பும் சர்க்கரையும் மனிதப் புரதம் போலவே வரும், ஆனால் மீடியம், நேரம், ஆள் எல்லாம் சேர்ந்து விலை ஏறும்.

அதற்காக ஈ. கோலை என்றாலே மட்டம் என்று முடிவு கட்ட வேண்டாம், புரதத்தைப் பொறுத்தது. ஃபைப்ரோநெக்டினின் மூன்றாம் வகை டொமைன்களில் டைசல்ஃபைடு பிணைப்பே கிடையாது, அவை பாக்டீரியாவில் ஜம்மென்று மடியும். ஸ்டெம் செல் வளர்க்கப் பயன்படும் வெட்டிய விட்ரோநெக்டினும் ஈ. கோலையில் செய்யப்படுவதுதான், ஜேம்ஸ் தாம்சன் குழு 2011-இல் இ8 மீடியத்தோடு சேர்த்து அதை அறிமுகப்படுத்தியது, இன்று உலகம் முழுக்க ஓடுகிறது.

இ-கேட்ஹெரின் அப்படி இல்லை, அதன் தலைமாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. செல் இதை முதலில் நீளமாகச் செய்து, பிறகு முன்பக்கத்தை வெட்டி எறிகிறது. வெட்டிய பிறகு முதிர்ந்த புரதம் 155-ஆவது அமினோ அமிலமான அஸ்பார்டிக் அமிலத்தில் தொடங்கும், அதற்கு அடுத்தது டிரிப்டோஃபான். இந்த டிரிப்டோஃபான்தான் எதிரே இருக்கும் கேட்ஹெரினின் குழிக்குள் போய் உட்காரும், எதிராளியின் டிரிப்டோஃபான் இங்கே வந்து உட்காரும். கொக்கியும் வளையமும் மாதிரி. முன்னால் ஒரே ஒரு அமினோ அமிலம் உபரியாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் கொக்கி சரியாக மாட்டாது. பாக்டீரியாவில் எல்லாப் புரதமும் மெத்தியோனினில்தான் தொடங்கும். அதை எடுக்கவில்லை என்றாலோ, தலைப்பக்கமே ஹிஸ் டேக் வைத்திருந்தாலோ, அந்த இ-கேட்ஹெரின் ஜெல்லில் அழகான பட்டையாகத் தெரியும், ஆன்டிபாடியும் பிடிக்கும், செல் மட்டும் பிடிக்காது. கேட்டலாகில் ரொம்ப மலிவாகத் தெரிகிற துண்டுகள் பல, வெஸ்டர்ன் பிளாட்டுக்குக் கன்ட்ரோலாகவும் ஆன்டிபாடி சோதிக்கவும் செய்தவை. அதில் தப்பில்லை, அதற்கென்று வாங்கினால். ஆகவே டேட்டாஷீட்டில் மூன்று இடத்தைப் பாருங்கள்: வரிசை எங்கே தொடங்குகிறது, டேக் தலையிலா வாலிலா, செயல்பாட்டைச் சோதித்திருக்கிறார்களா. மூன்றாவதில் 'பிளேட்டில் பூசினால் எம்சிஎஃப்-7 ஒட்டுகிறது' என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் அது உங்களுக்கானது. தூய்மை 95 சதவீதம் என்று மட்டும் இருந்து செயல்பாடு பற்றிப் பேச்சே இல்லை என்றால், கம்பெனி வேண்டுமென்றே மௌனமாக இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். அதே டேட்டாஷீட்டில் கணக்கிட்ட எடை ஒன்றும் ஜெல்லில் தெரியும் எடை அதைவிடக் கூடவும் இருந்தால் பயப்பட வேண்டாம், சர்க்கரைச் சங்கிலியின் வேலை அது.

எஃப்சி டேக் ஏன் என்றால், ஒற்றைக் கேட்ஹெரின் இன்னொன்றைப் பிடிக்கும் பிடி ரொம்பத் தளர்வானது, கேடி (எண் பெரிதானால் பிடி தளர்வு என்று காட்டும் அளவு) 100 மைக்ரோமோலாருக்கு அருகில். எஃப்சி என்பது ஆன்டிபாடியின் வால்பகுதி, அது தானாக இரண்டிரண்டாகச் சேரும், அதனால் கேட்ஹெரினும் ஜோடியாக நிற்கும். இன்னொரு சௌகரியம், பிளேட்டில் முதலில் எஃப்சியைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பூசிவிட்டு அதன் மேல் இதைப் போட்டால் எல்லாம் வாலை ஊன்றித் தலையைத் தூக்கி நிற்கும். நேரடியாகப் பிளாஸ்டிக்கில் போட்டால் பாதி குப்புற விழுந்து கிடக்கும். இந்த எஃப்சி வகையைப் பூசிய தட்டில் எலியின் கரு ஸ்டெம் செல்கள் கட்டியாகாமல் ஒற்றை ஒற்றையாகவே வளர்கின்றன என்று ஜப்பானில் அகாய்கே குழு 2006-இல் காட்டியது. பக்கத்து செல்லைப் பிடிக்க வேண்டிய கை முழுவதும் தரையைப் பிடிப்பதில் தீர்ந்துவிடுகிறது போலும்.

எஃப்சியில் ஒரு பொறி உண்டு, எம்சிஎஃப்-7-இல் அது உங்களைக் கடிக்காது, ஆனால் நாளைக்கு யாராவது மோனோசைட் (ஒரு வகை வெள்ளையணு) வைத்துச் செய்யக் கேட்பார்கள். யு937, டிஎச்பி-1 மாதிரி செல்களில் எஃப்சி ரிசெப்டர் இருக்கிறது. அவை புரதத்தை விட்டுவிட்டு டேக்கையே பிடித்துக்கொள்ளும். எஃப்சி மட்டும் பூசிய ஒரு வெல் இல்லாமல் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. உங்களுக்கும் அந்த வெல் இருக்கட்டும், ரிவியூவர் கேட்பார்.

அடுத்து கேரியர். சின்ன அளவில் வரும் ரீகாம்பினன்ட் புரதங்களில், குப்பிச் சுவரில் ஒட்டி வீணாகாமல் இருக்க, பிஎஸ்ஏ கலந்து விற்பது உண்டு. ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 50 மைக்ரோகிராம் பிஎஸ்ஏ என்பது சகஜமான விகிதம். வளர்ச்சிக் காரணியாக மீடியத்தில் கலக்க அது பிரமாதம். பிளேட்டில் பூசவோ, கொலை. பாலிஸ்டைரின் ஒரு சதுர சென்டிமீட்டரில் சில நூறு நானோகிராம் புரதம்தான் உட்கார முடியும், அந்த நாற்காலியில் எல்லாம் பிஎஸ்ஏ ஏறி உட்கார்ந்துவிட்டால் உங்கள் புரதம் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். புரதம் பூசிய வெல்லும் பிஎஸ்ஏ வெல்லும் ஒன்றுபோல இருந்தது என்றீர்களே, கேரியர் கலந்த குப்பி என்றால் உண்மையிலேயே இரண்டும் ஒன்றுதான்! கேரியர் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள்.

எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாச் சுவரிலிருந்து புரதத்தோடு கலந்து வரும் நச்சு, பற்றி ஒரு வரி. புற்றுநோய் செல்லுக்கு அவ்வளவு கவலையில்லை. ஆனால் ரத்தக்குழாய் எண்டோதீலியல் செல்லில் வேலை செய்பவர்கள் ஈ. கோலையில் செய்த புரதத்தைப் போட்டு 'ஐகேம்-1 ஏறுகிறது, விகேம்-1 ஏறுகிறது, இ-செலக்டின் ஏறுகிறது' என்று குதிப்பதற்கு முன் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். பாக்டீரியாச் சுவரின் எல்பிஎஸ் துளி இருந்தாலே அந்த மூன்றும் ஏறும்.

ஃபைப்ரோநெக்டினுக்கு வருவோம். நம் பிளாஸ்மாவில் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 300 மைக்ரோகிராம் ஓடுகிறது. இவ்வளவு தாராளமாக இருப்பதை, அதிலும் ஒரு சங்கிலியே 230 முதல் 250 கிலோடால்டன் எடையுள்ள, இரண்டு சங்கிலி வாலில் இணைந்த ராட்சசனை, ஹெக் செல்லில் செய்து எடுப்பதில் என்ன லாபம்? ஜெலட்டின் கட்டிய மணிகளில் பிளாஸ்மாவை ஓடவிட்டால் அது ஒட்டிக்கொள்ளும், கழுவி எடுத்துக்கொள்ளலாம், 1970-களிலிருந்து அப்படித்தான் எடுக்கிறார்கள். மனிதப் பிளாஸ்மாவே வேண்டும் என்பதும் இல்லை, மாட்டின் ஃபைப்ரோநெக்டினும் உங்கள் செல்லை நன்றாகவே நிறுத்தி வைக்கும்.

ரீகாம்பினன்ட் ஃபைப்ரோநெக்டின் தேவைப்படுவது துண்டாக வேண்டும்போது. 1984-இல் பியர்ஷ்பேக்கரும் ரூஸ்லாட்டியும் இவ்வளவு பெரிய புரதத்தில் செல் பிடிப்பது ஆர்ஜிடி என்ற மூன்று அமினோ அமிலத்தையும் அதை ஒட்டிய ஒன்றையும்தான் என்று காட்டினார்கள். அது பத்தாவது மூன்றாம்வகை டொமைனில் இருக்கிறது. ஆனால் எல்லா இன்டெக்ரினுக்கும் அது மட்டும் போதாது. ஆல்ஃபாவி பீட்டா3 அந்தப் பத்தாவதை மட்டும் வைத்தே திருப்திப்படும், ஆல்ஃபா5 பீட்டா1-க்குப் பக்கத்து ஒன்பதாவது டொமைனில் உள்ள துணைப்பிடியும் இருந்தால்தான் உறுதியான பிடி. எந்த இன்டெக்ரின் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் பத்தாவது மட்டும், ஒன்பதும் பத்தும் சேர்ந்தது என இரண்டு துண்டு வாங்கி ஒப்பிடலாம், இரண்டும் ஈ. கோலையில் செய்ததே போதும். ரெட்ரோநெக்டின் என்று விற்பதும் இப்படிப்பட்ட ஒரு துண்டுதான்: ஒரு பக்கம் வைரஸ் வந்து அமரும், இன்னொரு பக்கத்தை ரத்த செல் பிடித்துக்கொள்ளும், இரண்டும் நெருங்கி நிற்பதால் ஜீன் சுலபமாக உள்ளே போகும். கார்-டி செல் (புற்றுநோயைத் தாக்க ஜீன் மாற்றிய வெள்ளையணு) தயாரிக்கும் இடங்களில் அது சாதாரணம்.

ஸ்டெம் செல் பக்கம் மட்டும் ரீகாம்பினன்ட்டுக்கு நியாயமான அவசியம் இருக்கிறது. அங்கே பழைய வழக்கம் மேட்ரிஜெல், எலியின் இஎச்எஸ் என்ற சார்கோமா கட்டியிலிருந்து எடுப்பது, லாமினின் அதிகம், நாலாம் வகைக் கொலாஜன் அடுத்து, மீதியில் என்னென்னவோ. லாட் மாறினால் குணம் மாறும். மனிதனுக்குள் வைக்கப் போகும் செல்லை அதில் வளர்க்க முடியாது. அதனால்தான் லாமினின்-521, லாமினின்-511 என்று தேடிப்போனார்கள். இவை மூன்று சங்கிலி பின்னிய பெரிய புரதம், ஒரே செல்லில் மூன்று ஜீனையும் ஒழுங்காக ஓட்ட வேண்டும், விலை அதனால்தான் அப்படி. 511-இன் இன்டெக்ரின் பிடிக்கும் கால்பகுதியை மட்டும் வெட்டியெடுத்த இ8 துண்டு (மேலே சொன்ன இ8 மீடியம் இல்லை, பெயர்தான் ஒன்று) ஜப்பானில் வந்தது. அதைப் பட்டுப்புழுவின் கூட்டில் சுரக்க வைத்து எடுக்கும் வகையும் விற்பனையில் இருக்கிறது. உங்களுக்கு இது எதுவும் இப்போது வேண்டாம், ஆனால் யாராவது லாமினின் வாங்கச் சொன்னால் எந்த எண் என்று திருப்பிக் கேளுங்கள்.

பூசும் கணக்கு. பலரும் 'பத்து மைக்ரோகிராம் பெர் எம்எல்' என்று மட்டும் எழுதுகிறார்கள், எத்தனை மைக்ரோலிட்டர், எவ்வளவு பரப்பு என்று எழுதுவதில்லை. 96 வெல் பிளேட்டில் ஒரு வெல்லின் அடி 0.32 சதுர சென்டிமீட்டர். பத்து மைக்ரோகிராம் அடர்த்தியில் 50 மைக்ரோலிட்டர் விட்டால் அரை மைக்ரோகிராம், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் ஒன்றரை மைக்ரோகிராம். இ-கேட்ஹெரினுக்கும் ஃபைப்ரோநெக்டினுக்கும் அது தாராளம். வெட்டிய விட்ரோநெக்டினுக்கு அரை மைக்ரோகிராமே போதும். முதல் தடவை 0.3, 1, 3, 10 என்று அடர்த்தியை ஏற்றிப் பாருங்கள். ஒட்டும் செல் ஏறி ஓரிடத்தில் சமமாகிவிட்டால் அதற்கு மேல் ஊற்றுவது காசைக் கரியாக்குவது. 50 மைக்ரோலிட்டர் விடும்போது நடுவில் விட்டால் சில வெல்லில் அது ஓரமாக ஒதுங்கிப் பிறை மாதிரி நிற்கும், பிளேட்டைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டி அடி முழுக்கப் பரவிவிட்டதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 4 டிகிரியில் ராத்திரி முழுக்க வைப்பதானால் ஓரங்களில் பாராஃபிலிம் சுற்றுங்கள். காய்ந்துபோன கேட்ஹெரின் திரும்ப எழுந்து நிற்காது.

கரைக்கும்போது வோர்டெக்ஸ் வேண்டவே வேண்டாம், முக்கியமாக ஃபைப்ரோநெக்டினை. அது குலுக்கினால் நூல் நூலாகத் திரண்டுகொள்ளும். தண்ணீரை விட்டு 37 டிகிரியில் அரை மணி சும்மா வைத்தால் தானாகக் கரையும். லாமினின் நேர்மாறு, அதை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தே மெதுவாக உருக்க வேண்டும், அவசரப்பட்டு வெளியே வைத்தால் கூழாகிவிடக்கூடும். எதுவானாலும் ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகச் சின்ன அலிகாட் போட்டு -80-இல் வையுங்கள். பாதி உபயோகித்துவிட்டுத் திரும்ப உறைய வைத்த குப்பியை நான் நம்புவதில்லை.

பிளாக் செய்ய பிஎஸ்ஏவை 80 டிகிரிக்கு மேல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சூடாக்கி ஆறவைத்து எடுங்கள், வெறும் பிஎஸ்ஏவைவிடப் பின்புல ஒட்டல் நன்றாகக் குறையும். செல்லைச் சீரம் இல்லாத மீடியத்தில்தான் போட வேண்டும். சீரத்தில் விட்ரோநெக்டின் ஏராளம், செல் கல்ச்சர் பிளாஸ்டிக்கில் சீரத்திலிருந்து போய் ஒட்டிக்கொண்டு செல்லைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் அதுதான். டிரிப்சினை நிறுத்த சீரம் ஊற்றிவிட்டு ஒரே ஒரு தடவை சுழற்றிக் கழுவினால் மிச்சம் இருக்கும், இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். நேரம் 60 முதல் 90 நிமிடம். ராத்திரி முழுக்க விட்டால் செல் தானே ஃபைப்ரோநெக்டின் சுரந்து தன் தரையைத் தானே போட்டுக்கொள்ளும், பிறகு எல்லா வெல்லும் ஒன்றுதான்.

கழுவுவதற்கு வேக்யூம் வைக்காதீர்கள், கேட்ஹெரின் பிடி அதைத் தாங்காது. பிளேட்டைச் சாய்த்து, டிப்பை வெல்லின் சுவரில் வைத்து, மெதுவாக இறக்கி மெதுவாக எடுங்கள், எல்லா வெல்லுக்கும் ஒரே கை, ஒரே வேகம். அப்புறம் ஃபிக்ஸ் செய்து 0.1 சதவீதக் கிரிஸ்டல் வயலட், நன்றாக அலசி, 10 சதவீத அசிட்டிக் அமிலத்தில் சாயத்தைக் கரைத்து 590-க்கு அருகில் படியுங்கள். இடிடிஏ கன்ட்ரோல் போடுகிறேன் என்பார்கள், போடுங்கள், ஆனால் அது கேட்ஹெரினையும் இன்டெக்ரினையும் சேர்த்தே கழற்றிவிடும், இன்டெக்ரினுக்கும் மக்னீசியம், கால்சியம் வேண்டுமே. பிரித்துக் காட்ட வேண்டுமானால் இ-கேட்ஹெரினைத் தடுக்கும் ஹெச்இசிடி-1 ஆன்டிபாடி ஒரு வரிசை, ஃபைப்ரோநெக்டினுக்கு ஆர்ஜிடி பெப்டைடும் அதன் ஜோடியான, செல் பிடிக்காத ஆர்ஜிஇ பெப்டைடும் ஒரு வரிசை.

வாங்கும் விதம் பற்றி ஒன்று. எங்களுக்கு ஒரு தடவை உறைந்த திரவமாக வந்த புரதம் வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் இறங்கி, காகிதம் சரியில்லை என்று திங்கள்வரை நின்று, கைக்கு வந்தபோது பெட்டியில் டிரை ஐஸ் ஒரு துண்டுகூட இல்லை. குப்பி திரவமாகத்தான் இருந்தது, சப்ளையர் 'ஒன்றும் ஆகாது சார், போட்டுப் பாருங்கள்' என்றார். போட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லைதான், செல்லும் ஒட்டவில்லை. அதிலிருந்து ஒரே புரதம் உலர்தூளாகவும் திரவமாகவும் கிடைத்தால் நான் உலர்தூளைத்தான் கேட்கிறேன், அதுவும் வாரத் தொடக்கத்தில் வந்து சேரும்படி.

இவ்வளவும் சொன்ன பிறகும், இப்போதைக்கு இண்டென்ட்டை நிறுத்தி வையுங்கள். கையில் இருக்கும் குப்பியில் மிச்சம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதன் டேட்டாஷீட்டில் டேக் எந்தப் பக்கம், கேரியர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் டிரிஸ்ஸில் 2 மில்லிமோலார் கால்சியம் போட்டு எட்டு வெல் மட்டும் பூசி, இடிடிஏவில் எடுத்த செல்லையும் வழக்கமான டிரிப்சினில் எடுத்த செல்லையும் நாலு நாலு வெல்லில் போட்டு, கால்சியம் உள்ள பஃபரிலேயே கழுவிப் பாருங்கள். ஒரு நாள் வேலை. என்ன வந்தது என்று லாட் நம்பரோடு எழுதுங்கள், டிரிப்சின் பாட்டிலில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சேர்த்து.